கடைசிக் குழியும் நாலு மணி பஸ்ஸும்

ரஞ்சிதம் தேயிலை கிள்ளினவள். முதுகில் கூடை ஏற்ற முடியாமல் இடுப்பு கைவிட்டபிறகு, கோல்ஃப் திடலுக்கு வந்து விளையாடுகிறவர்களின் மட்டைப் பையை வண்டியில் வைத்து இழுக்கிறாள். இழுப்பது மட்டும் வேலையில்லை. பந்தைத் தேட வேண்டும், கொடியைப் பிடிக்க வேண்டும், குழிக்கு அருகில் அவர்கள் பந்தைத் தட்டும்போது மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். வேலைக்காரர்களின் போன் கொட்டகை அலமாரியில்தான் இருக்கும். உள்ளே கொண்டுபோகக் கூடாது.

அன்றைக்கு அவள் வந்திருக்கவே கூடாது. மகள் சாந்தினி நாலு மணி பஸ்ஸில் ஜோகூருக்கு வேலைக்குப் போகிறாள். முந்தின நாள் இருவருக்கும் சண்டை. "போறவ போ, எனக்கென்ன" என்று ரஞ்சிதம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். காலையில் கிளம்பும்போது மகள் போர்வைக்குள் இருந்தாள். பஸ் நிலையத்தில் மகள் நெற்றியில் திருநீறு பூசி, அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனதில்.

அன்று விளையாட வந்து வாய்த்தவர் கோலாலம்பூர் தர்மேந்திரன். போனில் புதிதாக ஒரு செயலி ஏற்றியிருந்தார். குழியருகே தட்டுகிற ஒவ்வொரு தட்டையும் அது கணக்கு வைக்குமாம். முதலில் கொடியடியில் நின்று ஓர் அழுத்து, பிறகு பந்தருகே நின்று ஓர் அழுத்து. குளிரில் விரல் விறைக்கிறது என்று போனை ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டார். கொடிக்கும் பந்துக்குமாக அவள் நடந்தாள். பனிமூட்டத்தில் செயலிக்கும் கண் தெரியவில்லை. கொடி தேயிலைக் காட்டுக்குள் இருப்பதாகக் காட்டியது. மறுபடி நடந்தாள். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

"சார், மக நாலு மணி பஸ்ல போறா. சீக்கிரம் முடிச்சிட்டா நல்லாருக்கும் லா."

"முடிச்சிரலாம்க்கா. குழிகிட்ட தட்டுற இந்த புட்டிங் மட்டும் சரியா ரெக்கார்ட் ஆகட்டும்."

"ஒரு கால் பண்ணிக்கட்டா சார், இதுலயே? மக நம்பர் மனசுல இல்ல, ஆபீஸ்ல கேட்டா தருவாங்க."

"ஐயோ, ஆப் கட்டாயிருச்சுன்னா? கொஞ்சம் பொறுங்கக்கா."

கெட்டவரில்லை. அதுதான் கோபமே. திட்டவாவது ஒரு கெட்டவன் கிடைக்கக் கூடாதா? பாதியில் விட்டுப் போகலாம்தான். அப்படிப் போனவளுக்கு அடுத்த வாரம் யாரும் பை கொடுக்க மாட்டார்கள்.

கடைசிக் குழியில் பந்து விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அவர் குனிந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், எதிர்ப்பக்கம் போயும் பார்த்தார். ரஞ்சிதத்துக்குக் கால் கடுத்தது. ஒருவழியாகத் தட்டினார், விழுந்தது. அவள் போனில் கடைசி அழுத்தை அழுத்தினாள், அதே கையோடு சட்டைப்பையில் போட்டாள், வண்டியைக் கொட்டகையில் தள்ளினாள், சாலைக்கு ஓடினாள். அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. சட்டைப்பையில் போன் கனத்தது, போன்தான் இருக்கிறதே என்றிருந்தது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று நின்றது.

"எங்கக்கா, பஸ் ஸ்டேசனா? ஏறுங்க."

தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கியபோது பஸ் கதவு மூடியிருந்தது. சன்னலோரம் சாந்தினி. அம்மாவைப் பார்த்துவிட்டாள்! கண்ணாடி திறக்காத பஸ். உள்ளிருந்தே போனைக் காதில் வைத்து, எடு, எடு என்று கை காட்டினாள். சிரித்தாள்கூட. சண்டை அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

ரஞ்சிதம் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தாள். தர்மேந்திரனின் போன். அவர் தட்டின தட்டுகளையெல்லாம் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அவளுடையது கொட்டகை அலமாரிக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

"இது என்னுது இல்லடி!" என்று கத்தினாள். பஸ் நகர்ந்தது. கூடவே ஓடிப் பார்த்தாள், இடுப்பு விடவில்லை. சன்னலில் மகளின் சிரிப்பு மெல்ல நின்றது. கையில் போனை வைத்துக்கொண்டே அம்மா எடுக்க மாட்டேன் என்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.