நந்தினியின் மதகும் நனைந்த மதிப்பெண் தாளும்

அக்கா மகள் நந்தினியின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத்தான் இந்த ஜனவரியில் திருச்சியிலிருந்து கொல்கத்தா போனேன். விக்டோரியா நினைவிடம் பார்த்தாயா என்று யாரும் கேட்காதீர்கள், பார்க்கவில்லை. அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை, குடியிருப்பு கிடர்பூரில். நந்தினி எட்டாம் வகுப்பு.

போன வருடம் அவள் படங்கள் வரைந்து வைத்துக்கொண்டு நின்றாளாம். எல்லோரும் பக்கத்து மேசை ரோபோவைப் பார்க்கப் போய்விட்டார்கள். "இந்த வாட்டி அஞ்சு பேராவது நின்னு விளையாடணும் சித்தி. இல்லேன்னா இனிமே போகவே மாட்டேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும், துறைமுகத்துக்குள் மட்டம் உயர்ந்தே இருக்கும். நடுவில் இரண்டு மதகுகள், அவற்றுக்கிடையே கப்பலை நிறுத்தி மட்டத்தைச் சரிசெய்வார்கள். ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். இதை மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் செய்திருந்தாள். தெர்மாகோல் கப்பலை இரண்டு நிமிடத்தில் உள்ளே சேர்க்க வேண்டும், அதுதான் விளையாட்டு. நான் அவசரத்தில் இரண்டையும் திறந்து சாப்பாட்டு மேசையைக் குளமாக்கினேன். "நாப்பது வயசாச்சு, பொறுமை இருக்கா பாரு!" என்று அக்கா துடைக்கிற துணியை என் மேலேயே எறிந்தாள்.

ஞாயிறு காலை 8.10க்கு மஞ்சள் டாக்சி. கண்காட்சி நடக்கும் சால்ட் லேக் 15 கி.மீ., ஐம்பது நிமிடம், பேரம் பேசி 450 ரூபாய். மீன் தொட்டியா என்று கேட்ட பீகார்க்கார ஓட்டுநருக்கு நந்தினி வழி முழுக்க இந்தியில் மதகு பாடம் எடுத்தாள். அப்புறம் மனிதர் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைப் பூப்போல இறக்கினார். "ஜஹாஜ் டூப்னா நஹி சாஹியே, பிட்டியா" என்று, கப்பல் மூழ்கக் கூடாது மகளே என வாழ்த்திவிட்டுப் போனார்.

குழாயில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை நிரப்பினோம். பதினொன்றரை வரை ஒருவரும் வரவில்லை. பக்கத்து மேசையில் இந்த வருடமும் ரோபோ, போதாததற்கு அது ஆடவும் செய்தது. அடக் கொடுமையே! நந்தினி கப்பலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரே கப்பலை எத்தனை தடவை துடைப்பது?

கடைசியில் நடுவர் வந்தார், நரைத்த மீசைப் பேராசிரியர். விளக்கம் கேட்க நிற்காமல் மதகுகளைப் பிடித்து இரண்டையும் தூக்கிவிட்டார். தண்ணீர் பாய்ந்து என் சேலை, அவருடைய மதிப்பெண் தாள் எல்லாம் நனைந்தன. மை கரைந்து ஓடியது. நந்தினிக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

அவரோ தாளை உதறி நாற்காலியில் காயப் போட்டார். "ஆர் ஏக்பார் தாவ் தோ, மா" என்றார். இன்னொரு தடவை கொடும்மா என்று பெங்காலியில் கெஞ்சல்! மூன்றாவது முறைதான் கப்பல் உள்ளே போனது. அவர் போட்ட கூச்சலில் ரோபோவைச் சுற்றி நின்ற கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். கேன்டீனில் லூச்சி என்கிற மைதா பூரி, உருளைக்கிழங்கு 40 ரூபாய், ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும். மாற்றுத் துணி கட்டாயம். பிள்ளைகளை முதலில் கை வைக்க விடுங்கள், விளக்கம் எல்லாம் அப்புறம் அவர்களே கேட்பார்கள்.

நாலு மணிக்கு மேடையில் மூன்றாம் பரிசுக்கு நந்தினி பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "நீயே போய் வாங்கிட்டு வா சித்தி. இங்க இன்னும் ஏழு பேர் நிக்கிறாங்க!"

பரிசளிப்புப் படத்தில், சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே ஈரச் சேலையோடு கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது நான்தான்.