மூன்று கார்பரேட்டரும் ஒரு நட்டும்

நான் கனடாவில், மார்க்கம் நகரில் மெக்கானிக். ரெஜினா அக்கா ஐந்து வருடமாகப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த ஹொட் ரொட் காருக்கு, வேகமாக ஓட மாற்றியமைத்த பழைய காருக்கு, எஞ்சினுக்குள் பெற்றோலைக் கலந்துவிடும் மூன்று கார்பரேட்டர்கள் பூட்டிக்கொடுத்தேன். பக்கத்து ஒஷாவா நகரில் நடந்த கார் கண்காட்சிக்கு ஓட்டிப்போக அவர் வந்து நின்றார்.

சாவியைத் திருப்பப் போனபோதுதான் மிஞ்சிய நட்டுகளைப் போட்டுவைத்த தட்டில் ஒரு நட் குறைவதைக் கண்டேன். நிலமெல்லாம் தேடினேன், இல்லை. அது எஞ்சினுக்குள் விழுந்திருந்தால், ஸ்டார்ட் பண்ணியதும் எல்லாம் நொறுங்கிவிடும். விழாமலும் இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் முதலில் நினைத்தேன்.

"என்ன தம்பி, முகம் வெளிறிப்போச்சு?"

"அக்கா, ஒரு நட்டைக் காணேல்லை. எஞ்சினுக்குள்ளை விழுந்திட்டுதோ தெரியேல்லை. என்ர பிழைதான்."

அவர் சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார். "அப்ப கழட்டும். கண்காட்சி அடுத்த வருசமும் வரும்தானே."

இரண்டு மணித்தியாலமாகக் கழற்றினேன். நடுக் கார்பரேட்டருக்குக் கீழே, எஞ்சினுக்குள் திறக்கும் வால்வுக்கு ஒரு விரல் தள்ளி நட் கிடந்தது. காந்தக் கம்பியால் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அக்கா சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தயக்கத்தை நினைத்தால் இன்றும் வெட்கம்தான். ஆனால் அன்று விட்ட மூச்சைப்போல் நிம்மதியான மூச்சு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.