காஸ் தப்பி ஓடிய கதை

எங்கள் காருக்குள் ‘கிளிம்’ இருந்தது என்பதே எனக்குப் பத்து வயதில்தான் தெரியும். எங்கள் பிரெஞ்சு நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நம்மவர்கள் ஏசியை அப்படித்தான் சொல்வார்கள். எவ்வளவு வெயிலென்றாலும் அப்பா யன்னலை இறக்கிவிட்டு, “நல்ல காத்து” என்பார். பெற்றோல் மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் கோடையில் மனிதர் அடியோடு மாறிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பா வருகிறார். அப்பாவைத் தூக்கி வளர்த்த தமையன். பதினேழு வருடமாக இருவரும் போனில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வெயிலுக்கை சைக்கிளிலை என்னை ஏத்தி மிதிச்ச மனுசன். இஞ்சை குளுகுளு எண்டு வரவேணும்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். கிளிமோ சூட்டுக் காற்றைத்தான் ஊதியது.

அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் திறப்பை விட்டுத் திருகும் இடம்தான். விட்டாரா? பியூஸை மாற்றினார். காற்று வரும் வழியைக் கழற்றி, அடைந்திருந்த சருகுகளை அள்ளினார். மளிகைக்கடை அண்ணை, “காஸ் போட்டாச் சரி” என்றார். போட்டார். மூன்று நாள் குளிர்ந்தது, நான்காம் நாள் பழையபடி சூடு.

பெரியப்பா வருவதற்கு முதல் நாள், மார்க்ஸ் டோர்மோயில் ஒரு கராஜுக்குப் போனோம். அப்பாவின் பிரெஞ்சு சமையலறை வாசலோடு நின்றுவிடும் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் என்ற திமிர் வேறு.

நரைத்த மீசை மெக்கானிக் ஒரு மானியைப் பொருத்தினார். முள் அசையவில்லை. உள்ளே காஸே இல்லை. எங்கேயோ ‘ஃபுயித்’ இருக்கிறது, எப்போதிருந்து என்று அப்பாவிடம் கேள் என்றார்.

குழாய் கசிவதற்கும் ஆள் தப்பி ஓடுவதற்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான். எனக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும். சரித்திர வகுப்பில் ஒரு ராசா அரண்மனையை விட்டு ஓடிய பாடத்தில் படித்தது. ஆகவே தயங்காமல் சொன்னேன்:

“எப்ப தப்பி ஓடினது எண்டு கேக்கிறார், அப்பா.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். மாதம், வருடம், எந்தெந்த நாடு வழியாக என்று ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். அகதி விண்ணப்பத்துக்காக அதிகாரிகள் முன் எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய பதில் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் குரல் தாழ்ந்தது. “அண்ணைக்குச் சொல்லாமல் வந்திட்டன். அவர் நித்திரை.”

அதையும் சேர்த்துப் பிரெஞ்சில் சொன்னேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் அப்பாவின் தோளில் கை வைத்து, தான் கேட்டது காஸைப் பற்றி என்றார். விசயம் விளங்கியதும் அப்பாதான் முதலில் சிரித்தார், கொஞ்சம் கூடுதலாகவே.

சாயம் கலந்த காஸைக் கொஞ்சம் ஏற்றி, மெக்கானிக் ஒரு நீல விளக்கை அடித்தார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு குழாய் மூட்டு பச்சையாக மினுங்கியது. அங்கேயிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றி, உள்ளிருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாகக் காஸ் நிரப்பினார். கிளிம் பனியாக ஊதியது. அப்பா முகத்தைக் கொண்டுபோய் அதற்கு நேரே வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரியப்பாவை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தோம். முன் சீற்றில் அவர். அப்பா கிளிமை உச்சத்தில் வைத்திருந்தார். பெரியப்பா சேர்ட் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். அவரைச் சிரிக்கவைக்க நான் பின்னாலிருந்து கராஜ் பகிடியை அவிழ்த்துவிட்டேன். அப்பா கண்ணாடியில் முறைத்தும் நான் நிறுத்தவில்லை.

“நீங்கள் நித்திரையாம் பெரியப்பா, அப்பா சொல்லாமல் ஓடிவந்தவராம்!”

பெரியப்பா வெளியே பார்த்தபடி, “அண்டைக்கு நான் நித்திரையில்லையடா தம்பி” என்றார். “எழும்பினா உன்னைப் போக விடமாட்டன் எண்டுதான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான்.”

அப்பா காரை ஓரம் கட்டினார். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். குளிரில் இருவருக்கும் தடிமன் பிடித்துவிட்டது என்று பயந்துபோய், நான் முன்னால் எட்டிக் கிளிமை நிறுத்தினேன்.