ஆவியக்காவின் ஒன்பது தவறுகள்

அறுவை அரங்குக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. கத்தியும் கத்தரியும் இடுக்கியும் மேலிருந்து ரத்தக் கறையோடு அங்கே வரும். கழுவி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் சுத்தமாக மேலே திரும்பும். பதினாறு வருஷமாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவளை ஆஸ்பத்திரி முழுக்க ஆவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பழைய பெட்டி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதைத் தூக்கிவிட்டு ஆள் உயரத்துக்குப் புதியது ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இயந்திரத்தின் விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் எழுத்துத் தேர்வு உண்டு, நாற்பது கேள்வி, குறைந்தது முப்பது சரியாக இருந்தால்தான் அதைத் தொடலாம். தேறாதவர்கள் பக்கத்து அறையில் போர்வை மடிக்க வேண்டும்.

"மடிக்கிற வேலைன்னா உக்காந்துகிட்டே பாக்கலாம். உனக்கும் நாப்பத்தெட்டு ஆச்சு" என்றார் அவள் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர்.

"நீங்களும் ஸ்டியரிங்க விட்டுட்டுப் பின் சீட்ல போய் உக்காருங்களேன்" என்றாள் அவள்.

மனுஷர் மாதிரிக் கேள்வித்தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

டோர், வால்வ், பிரஷர் மாதிரி வார்த்தைகள் அவளுக்குப் பழக்கம். நடுவில் நின்று வாக்கியத்தின் தலையெழுத்தையே மாற்றுகிற சில்லறை வார்த்தைகள்தான் உயிரை வாங்கின. ஆஸ் லாங் ஆஸ், ஆஸ் சூன் ஆஸ், ஆஸ் ஃபார் ஆஸ் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள்போல் வந்து நின்றன. லாங் என்றால் நீளம்தானே, கதவுக்கு எதற்கு நீளம் என்று முதல் வாரம் முழுக்கக் குழம்பினாள். ஈவன் இஃப், ஒன்லி இஃப் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாள். என்னைக் கேட்டால் இந்த வார்த்தைகளைக் கண்டுபிடித்தவனை ஒரு நாள் அந்த அறையில் வேலைக்கு விட்டிருக்க வேண்டும்.

வழி அவள் கையிலேயே இருந்தது. அந்த அறையில் எதைத் தொடும் முன்னும் அதை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முள் பூஜ்யம்" என்று அழுத்தக் கடிகாரத்தைக் காட்டிச் சொல்லாமல் யாரும் கதவைத் திறந்ததில்லை. வார்த்தைகளுக்கும் அதையே செய்தாள். ஆஸ் லாங் ஆஸ் என்று கணவர் வாசித்தால், சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் கதவைத் திறக்கக்கூடாதென்று உள்ளங்கையைச் சுவரில் அழுத்தியே வைத்திருப்பாள். ஆஸ் சூன் ஆஸ் என்றால் மணி அடித்ததுமே விரல் விசையைத் தட்டும். இன் கேஸ் என்றால் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் கையுறை மாட்டியாகிவிட்டது. ஈவன் இஃப் என்றால் பெரிய டாக்டரே மேலிருந்து கத்தினாலும் நகரமாட்டேன் என்று இரண்டு காலையும் ஊன்றி நிற்பாள். குழம்பு இரண்டு முறை தீய்ந்தது. அவள் அசரவில்லை.

தேர்வு அன்று உதடும் கையும் சும்மா இருக்குமா? மூன்றாவது கேள்விக்குள், தேர்வை நடத்திய பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"யாருக்கும்மா சைகை காட்டறீங்க?"

"மெஷினுக்கு சார்."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இடது கையை மேசைமேல் வைத்து அசையாமல் எழுதச் சொன்னார். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் தலை நிமிராமல் எழுதினாள். கை அடங்கியது, மேசைக்கடியில் கால் ஊன்றியும் தட்டியும் விதிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் பலகையில் முடிவு ஒட்டினார்கள். அவளுக்கு முப்பத்தொன்று. கணவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். போனை வைத்ததும் நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"அந்த ஒன்பது எது சார்?"

"எந்த ஒன்பது? நீங்கதான் பாஸாயிட்டீங்களே!"

"தப்பாப் போட்ட ஒன்பது. அதப் பாக்காம நான் அந்த மெஷின்ல கை வைக்க மாட்டேன்."

அவளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான் என்பது அவருக்கும் தெரியும். தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். முதல் எட்டுத் தப்பையும் பார்த்து, "அட, அவசரம்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். ப்ரொவைடட் தட். அதற்கு அவள் கையில் ஒரு அசைவும் வைத்திருக்கவில்லை. துணி உலர்ந்திருந்தால் மட்டுமே பொதியை மேலே அனுப்பலாம் என்பது விதி. ஈரமாக இருந்தாலும் அனுப்பலாம் என்று குறித்திருந்தாள். ஈரத் துணிக்குள் கிருமி நுழைந்துவிடும். அந்தக் கத்தி அப்படியே ஒருவர் வயிற்றுக்குள் போகும்.

"சார், இதுல நான் ஒரு ஆளக் கொன்னுருக்கேன்."

"ஐயோ, அது வெறும் பரீட்சைம்மா!"

"எனக்கு மறுபடி வைங்க."

"பாஸானவங்களுக்கு மறுபடி வைக்க ரூல் இல்ல. ஃபெயிலானவங்களுக்குத்தான் உண்டு, அடுத்த மாசம்."

ஆவியக்கா அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"அப்போ ஃபெயில்னு போடுங்க. அதுவரைக்கும் போர்வை மடிக்கிறேன்."