மாடத்தி சித்தியின் இரண்டாம் விதைப்பு

மாடத்தி சித்தி கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தொரு வருஷம் குச்சி அடுக்கியவர். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இடைசெவல் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசல் வாங்கினார். கணவர் இறந்த பிறகும் நிலத்தைத் தரிசாகப் போட்டதில்லை. எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் டிகிரி முடித்தபோது என் அம்மாவைவிட அவர்தான் அதிகம் பேருக்குச் சொன்னார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய உளுந்து நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. பக்கத்துக் காட்டுக்காரர் ஜெயபாண்டி அப்போதே எச்சரித்திருக்கிறார்.

"மாடத்தி, ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் காட்டத் தொடாத."

"அவிய வாரதுக்குள்ள ஈரம் போயிருமே அண்ணாச்சி. பெறகு ஆபீசரா வந்து தண்ணி ஊத்துவாரு?"

மானாவாரிக் கரிசலில் ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. கால் புதையாத அளவுக்கு மண் இறுகியதும் அழுகியதை உழுது மடக்கிவிட்டு கொத்தமல்லி விதைத்தார். ஜெயபாண்டி தன் காட்டை அப்படியே போட்டு வைத்திருந்தார்.

ஜனவரி கடைசியில்தான் கணக்கெடுப்பு வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் அழிந்திருந்தால் நிவாரணம் என்பது விதி. எங்கள் பக்கத்துக்குத் தற்காலிக வேலையாகக் கணக்கெடுக்கப் போனது நான். காட்டில் நின்று போட்டோ எடுத்து, செல்போனில் விவரம் பதிய வேண்டும்.

"ஏட்டி சுந்தரி, நீயா ஆபீசரு? முன்னமே சொல்லியிருந்தா பவுடர் போட்டுட்டு வந்திருப்பேன்லா" என்று சித்தி சிரித்தார்.

"ஒங்க மூஞ்சி வேண்டாம் சித்தி, பயிர் போதும்."

போட்டோவில் கொத்தமல்லி விரல் உயரத்துக்குப் பச்சையாக விழுந்தது. பயிர் நிலை என்ற கேள்விக்கு இரண்டே பதில்கள்: நன்று, சேதம். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். 'வெள்ளத்தில் அழிந்த பின் மறுவிதைப்பு' என்று அதில் எழுதியிருக்கலாம். ஆனால் குறிப்பு எழுதினால் மறு ஆய்வுக்குப் போகும், நாம்தான் திரும்ப வர வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். அன்றைக்கு இன்னும் பதினெட்டுக் காடுகள் பாக்கி. அந்த வேலை நிரந்தரமாகும் என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது. 'நன்று' என்று அழுத்தினேன். கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"எல்லாம் எழுதிட்டியாட்டி?"

"எழுதிட்டேன் சித்தி."

நிவாரணம் கிடைப்பவர்களின் பட்டியலை ஒட்டிய அன்று சித்தி என்னைக் கூட்டிப் போனார். "என் கண்ணுக்குத் தெரியல, நீ பாரு" என்றார். இருக்காது என்று தெரிந்தும் விரல் வைத்து இரண்டு முறை தேடினேன். ஜெயபாண்டி பெயர் இருந்தது.

மனு எழுதித் தரச் சொன்னார். நடந்ததை எழுதி, கணக்கெடுத்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சித்தி கவனித்துவிட்டார்.

"அத விட்டுருட்டி. ஒனக்கு வேலை போயிரப்போகுது."

நான் 'நன்று' என்று பதிந்ததை எப்போது புரிந்துகொண்டாரோ, தெரியவில்லை. "நான்தான் எழுதாம விட்டேன் சித்தி" என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. அந்த இடத்தையும் காலியாக விட்டு மனுவை மடித்துக் கொடுத்தேன். கள ஆய்வின்படி பயிர் நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் வந்தது. நான் எடுத்த போட்டோதான் சாட்சி. அந்த வேலையும் மார்ச்சோடு முடிந்தது.

போன ஐப்பசியில் பெரிய மழை ஒன்று பெய்தது. சித்தியின் காட்டில் மறுபடி தண்ணீர் நின்று உளுந்து மஞ்சளடித்து அழுகியது. பத்து நாள் கழித்துப் போனேன். சுற்றிலும் எல்லாரும் திரும்ப விதைத்திருந்தார்கள், ஜெயபாண்டிகூட. சித்தியின் இரண்டு ஏக்கர் மட்டும் அழுகிய பயிரோடு கிடந்தது. மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"என்ன சித்தி, விதைக்கலையா?"

"இந்தத் தடவ தொடலட்டி. அவிய வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அந்த மழைக்குக் கணக்கெடுப்பே அறிவிக்கவில்லை. அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.