மயிலம்மாள் கொண்டுவந்த வளையல்

மயிலம்மாள் வண்டியில் ஏற்றிய சாமான் உடைந்ததாகச் சரித்திரமே கிடையாது. யுத்தத்தில் புருஷன் சன்னாசியை ஜப்பான்காரன் சியாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு வாரிக்கொண்டு போன பிறகு, மாட்டு வண்டியை அவளே ஓட்டினாள். ரப்பரை வாங்க ஆளில்லாத காலம். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகள் மலையாய்க் கிடந்தன. விளக்குக் கண்ணாடியோ மருந்து போத்தலோ, எதுவானாலும் ஷீட்டில் சுருட்டிக் கயிறு கட்டி, முடிச்சின் மேல் ரப்பர் பாலை ஊற்றிக் காயவிடுவாள். வழியில் எவனாவது பிரித்தால் காய்ந்த பால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கெட்டிக்காரி!

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் வந்தது சோதனை. அதே தோட்டத்து ராக்கம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. கப்பல் நின்றுபோனதில் கண்ணாடி வளையலுக்கு எங்கும் பஞ்சம். லுக்குட் டவுனில் தங்கராஜு கடையில் மட்டும் கொஞ்சம் மிச்சம். ராக்கம்மா ஆசையாய் வளர்த்த கோழிகளைக் கொடுத்து வாங்கிவரச் சொன்னாள். எந்தச் சாமானையும் பிரித்துப் பார்க்காமல் ஏற்றுகிறவள் இல்லை மயிலம்மாள். அன்று மட்டும் கை கூசியது. சியாமிலிருந்து சேதியே இல்லையே, தாலி நிலைக்குமோ என்னவோ, சுப வளையலை இந்தக் கை தொடலாமா? தங்கராஜு கட்டிக்கொடுத்த பெட்டியை அப்படியே ஷீட்டில் சுருட்டி, பால் ஊற்றி, கொண்டுவந்து சேர்த்தாள்.

லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கூடி நிற்க, ராக்கம்மாவின் மாமியார் மாரியம்மா கட்டைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தாள். மேலடுக்கில் மட்டும் முழு வளையல். அடியில் அத்தனையும் உடைசல்.

“எவ கை பட்டுச்சோ,” என்றாள் ஒருத்தி. மாரியம்மா பெட்டியை மூடி மயிலம்மாள் காலடியில் வைத்தாள். அதுதான் மயிலம்மாளை இன்னும் சுட்டது.

மறுநாள் விடிந்ததும் மாரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு விட்டாள் வண்டியை லுக்குட்டுக்கு.

“முழுசாத்தான் குடுத்தேன். வண்டி ஆட்டத்துல உடைஞ்சிருக்கும் லா,” என்றான் தங்கராஜு.

மயிலம்மாள் பெட்டியை அவன் மேசையில் கவிழ்த்தாள். “சரிண்ணே. வழியில உடைஞ்சிருந்தா அத்தன துண்டும் உள்ளாரதான இருக்கணும்? இதுல ஒரே ஒரு வளையல முழுசா சேத்துக் காட்டுங்க. நான் போயிடுறேன்.”

தங்கராஜு பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தான். பச்சையில் பாதி இருந்தது, மீதியைக் காணோம். சிவப்பிலும் அதே கதை. பசாருக்கு வந்தவர்கள் சுற்றி நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். கடையில் கிடந்த பழைய உடைசலை அடியில் போட்டு ரொப்பிய மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல வளையலை எடுத்து வைத்தான்.

“பொட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்,” என்றாள் மயிலம்மாள். ஒவ்வொன்றாய்ச் சுண்டி, ஓசை கேட்டு, தன் கைகளிலேயே மாட்டிக்கொண்டாள். மேலே ரப்பர் ஷீட்டைச் சுற்றச் சொன்னாள். அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது? பிறந்ததிலிருந்து மாட்டுக் கயிறு தொட்டறியாத மாரியம்மாதான் ஓட்டினாள். அடேயப்பா, அந்த வண்டி பள்ளத்தில் இறங்கியபோதெல்லாம் இரண்டு பேரும் போட்ட கூச்சலும் சிரிப்பும்! ஒரு வளையலிலும் கீறல் விழவில்லை.

வெள்ளிக்கிழமை சுமங்கலிகள் மணையைச் சூழ்ந்தார்கள். வளையலைத் தட்டில் கழற்றி வைத்துவிட்டு மயிலம்மாள் பின்னால் ஒதுங்கினாள். மாரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

“மொத வளையல நீ போடு, மயிலு.”

ராக்கம்மா கையை நீட்டினாள்.