தொண்ணூற்றாறாம் பக்கம்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். நான் கையெழுத்திடாத பக்கம் மிஷின் ஏறாது. அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சென்ற ஆவணியில், கலைக்கப்பட்ட ஒரு போர் விமான ஸ்குவாட்ரனின் வரலாறு எங்களுக்கு ஆர்டராக வந்தது. தொகுத்தவர் அதில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. அதே ஸ்குவாட்ரனில் என் அண்ணன் பதினேழு வருடம் இன்ஜின் மெக்கானிக். இப்போது மல்லாங்கிணற்றில் மானாவாரியில் துவரை போடுகிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'பிளேன் தொடைச்சவரு'.

ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரத்துக்குத் தொண்ணூற்றாறு பக்கம். தொண்ணூற்றைந்திலும் விமானிகள்: எந்தப் போரில் எங்கே பறந்தார்கள், யாருக்கு என்ன பதக்கம், யார் திரும்பவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் தரைப் பணியாளர்கள் நாற்பத்தொரு பேர். முப்பதாவது பெயர் அண்ணனுடையது. புரட்டாசி இரண்டாம் செவ்வாயன்று, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக் கையெழுத்திட்டேன். டைரியில் இருக்கிறது. அண்ணனுக்கும் போனில் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, பைண்டிங் முடிந்த பிரதியைப் பிரித்தேன். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் எங்கள் அச்சகத்தின் காலண்டர் விளம்பரம். கடைசிப் பக்கம் காலியாக இருந்தால் அச்சகத்துக்கு என்பது இங்கே பழக்கம். இது காலியாக இல்லை.

முதலாளியிடம் போனேன்.

"காலண்டர் சீசன் நேரம் அண்ணாச்சி. பட்டியலுக்குன்னு ஏழாவது பாரம் ஓட்டச் சொல்றீகளா?"

"ஏழாவது எதுக்கு மொதலாளி? விளம்பரத்த எடுத்தா போதும்."

"அதிகாரிகிட்ட கேட்டுட்டேன். பேருதான, போகட்டும்னுட்டாக."

பேருதானாம். தன் பதவிப் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டதற்கு மூன்று முறை புரூஃபைத் திருப்பி அனுப்பிய மனிதர் சொன்னது இது.

"ஒங்க அண்ணனுக்கு ஒரு காப்பில மட்டும் அந்தப் பக்கத்த ஒட்டித் தாரேன். கோவப்படாதீக."

அதை வாங்கிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றில் அண்ணன் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தார். தன் பெயரின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவேயில்லை. என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அப்ப மத்த காப்பியில?"

"காலண்டர் விளம்பரம்."

"ஆமா, நாங்க நல்ல நேரம் பாத்துதாம்லே பிளேன ஏத்துனோம்." சிரித்தார். பிறகு, "நீ கையெழுத்துப் போட்டது எதுக்கு?" என்றார்.

"பட்டியல் இருந்த பக்கத்துக்கு."

"ஏலே, எங்க கையெழுத்து இல்லாம பைலட் ஏணியில கால் வைக்க மாட்டாரு. போட்ட பெறகு எவனாவது ஒரு திருகாணியத் தொட்டாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. மொதல்ல இருந்து பாக்கணும். ஒங்க கம்பெனில எப்படி?"

புத்தகத்தை என் கையில் திணித்தார்.

"நாப்பது பேர விட்டுட்டு நான் மட்டும் இதுல என்னத்துக்கு? கொண்டு போ."

திங்கள் காலை அதை முதலாளி மேஜையில் வைத்தேன். எட்டுக் காலண்டர் புரூஃப்கள் என் கையெழுத்துக்குக் காத்திருந்தன. "எல்லாக் காப்பியிலயும் அந்தப் பக்கத்த ஒட்டுற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. எட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

பதினொன்றே காலுக்குக் காலண்டர் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.